குதிகால் நாண் வலியும் குதிரைச் சவாரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது தாண்டிய பிறகு குதிரையேற்றம் கற்கப் போனவன் நான். இரண்டாவது வருடம் வலது குதிகாலின் பின்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. ஒன்பது மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். இடையில் மூன்று வாரம் தவிர, சவாரியை விடவில்லை. நான் மருத்துவன் இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது, தேடிப் படித்தது, பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். லாயத்தில் கூட ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் 'குதிகால் வாதம்' என்றார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. குதிகால் வாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வது குதிகாலுக்கு அடியில், உள்ளங்காலில் வரும் வலியை. இங்கே பேசுவது பின்பக்கம் வருவதை. கெண்டைக்காலைக் கையால் பிடித்து அப்படியே கீழே இறங்கி வாருங்கள். சதை மெலிந்து, கணுக்காலுக்குப் பின்னால் கயிறு மாதிரி விறைப்பாக ஒன்று தட்டுப்படும். கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் அது. உடம்பில் இருக்கும் நாண்களிலேயே தடிமனானது. 'நரம்பு பிடிச்சிருக்கு' என்று நம் ஊரில் சொல்வது பல நேரம் இதைத்தான், ஆனால் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது இரண்டு வலியும் ஒரே மாதிரி படுத்தும். குழப்பம் அங்கேதான் வருகிறது.

இந்த நாணுக்கு ஆங்கிலத்தில் அக்கிலிஸ் நாண் என்று பெயர். அக்கிலிஸ் கிரேக்கக் கதையின் வீரன். அவனுக்கு வித்தை கற்றுக்கொடுத்த கைரான், இடுப்புக்கு மேலே மனிதன், கீழே குதிரை. குதிரைக்காரர்களுக்கு இந்த நோவு வருவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

வலி சரியாக எந்த இடம் என்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு படிக்காதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து, மேலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே வலித்தால், சில சமயம் அங்கே ஒரு தடிப்பும் இருந்தால், அது நாணின் நடுப்பகுதி. எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே, அதாவது ஷூவின் பின்விளிம்பு உரசும் இடத்தில் வலித்தால், அது ஒட்டுமிடத்து வலி.

இரண்டிலும் நாணின் இழைகள் நலிந்திருக்கும். ஆனால் ஒட்டுமிடத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போதெல்லாம் நாண் எலும்பின் மேல் அழுந்தி நசுங்குகிறது. நடுப்பகுதிக்கு நல்லது செய்கிற சில பயிற்சிகள் ஒட்டுமிடத்துக்குக் கெடுதல் செய்வது இதனால்தான். எனக்கு வந்தது இரண்டாவது வகை. அது தெரியாமல் இணையத்தில் பார்த்த முதல் வகைப் பயிற்சியை ஒரு மாதம் செய்து வலியை நன்றாக வளர்த்துவைத்தேன்.

சவாரியை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நாண் அறுந்திருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தாலோ, நடப்பதற்கே நொண்டினாலோ ஒழிய, முழு ஓய்வு இதற்கு மருந்தல்ல. ஓய்வில் வலி குறையும், உண்மை. கூடவே நாணின் தாங்கும் திறனும் குறையும். ஒரு மாதம் கழித்துப் பழைய அளவில் ஆரம்பித்தால் வலியும் பழைய அளவில் வந்து நிற்கும். நான் நிறுத்திய மூன்று வாரத்தில் கற்றது இவ்வளவுதான்.

எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "நாண் போன குதிரைய என்ன சார் பண்ணுவோம்? கட்டியே போட்டு வெச்சா அப்புறம் அது நிக்கத்தான் லாயக்கு. கையில பிடிச்சு நடக்க வெப்போம், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவோம். உங்க காலுக்கும் அதேதான்" என்றார். பந்தயக் குதிரைகளுக்கு முன்னங்கால் நாண் கெடுவது அடிக்கடி நடக்கும். சில நாள் கட்டிவைத்து, பிறகு சில நிமிட நடை, அப்புறம் கூடுதல் நடை, பல வாரம் கழித்து ட்ராட் (நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலான துள்ளுநடை) என்று போய், ஓட்டத்துக்குத் திரும்பப் பெரும்பாலும் ஒரு வருடம் ஆகிவிடும். அந்தப் பொறுமையைக் குதிரைக்குக் காட்டுகிற நாம் நம் காலுக்குக் காட்டுவதில்லை.

எவ்வளவு வலி வரை பரவாயில்லை?

வலியே இல்லாதது 0, தாங்கவே முடியாதது 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சவாரியின்போது 5 வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். காலை விறைப்பு வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகவும் கூடாது. இது நானாக வகுத்த விதி இல்லை. ஸ்வீடனில் சில்பர்னாகல் என்ற பிசியோதெரபிஸ்ட்டின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாராரை ஆறு வாரம் ஓட்டமும் குதிப்பும் இல்லாமல் வைத்தார்கள். இன்னொரு சாராரை இந்த அளவுகோலுக்குள் ஓடவும் குதிக்கவும் விட்டார்கள். உடற்பயிற்சி இரு சாராருக்கும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேறியது.

தீர்ப்பு சொல்வது சவாரி நேரத்து வலி இல்லை, மறுநாள் காலை. உடம்பு சூடானதும் இந்த வலி மறைந்துவிடும். அதை நம்பி இன்னொரு சுற்று போனவர்கள் அடுத்த நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். படுக்கையருகே ஒரு நோட்டு வையுங்கள். எழுந்ததும் விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆனது, முந்தின நாள் என்ன செய்தீர்கள், இந்த இரண்டும் போதும்.

பயிற்சியாளர் 'ஹீல்ஸ் டவுன், ஹீல்ஸ் டவுன்' என்று கத்திக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையமான அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் ஊன்றியிருக்கிறது, குதிகால் கீழே தொங்குகிறது. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே விடுவதும் இதே நிலைதான். ட்ராட்டில் குதிரையின் ஒவ்வொரு அடிக்கும் உங்கள் எடை அந்த நாணில் இறங்குகிறது. நடுப்பகுதி வலிக்காரருக்கு, அளவோடு இருந்தால், இது ஏறக்குறைய சிகிச்சை மாதிரி. ஒட்டுமிடத்து வலிக்காரருக்கோ ஒவ்வொரு அடியும் அந்த இடத்தை நசுக்குகிறது.

குதிகாலை இறக்கச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பாதம் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளக் கூடாது, எடை கீழே இறங்கி உட்காரும் நிலை உறுதிப்பட வேண்டும். இரண்டுக்குமே பாதம் தரைக்குச் சமமாக இருந்தாலே ஓரளவு போதும். விரல்நுனி கீழே சாய்வதுதான் ஆபத்து. ஆகவே பயிற்சியாளரிடம் முன்கூட்டியே, சவாரி தொடங்கும் முன், 'எட்டு வாரத்துக்கு என் பாதம் சமமாகத்தான் இருக்கும், காரணம் இது' என்று சொல்லிவிடுங்கள். நடுவில் ட்ராட்டில் போய்க்கொண்டு விளக்க முடியாது.

இன்னொன்று. நம்மில் பலர் குதிகாலை இறக்குவதில்லை, அழுத்துகிறோம். முழங்கால் இறுகி, கணுக்கால் பூட்டிக்கொண்டு, அதிர்ச்சி முழுக்க நாணுக்குப் போகிறது. இடுப்பும் முழங்காலும் இளகினால் குதிகால் தானாக ஒரு அளவுக்கு இறங்கும். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறு. படத்தில் பார்த்த அளவுக்கு உங்கள் கணுக்கால் மடங்கவில்லை என்றால் மடங்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கவடியில் ஏதாவது மாற்றலாமா?

அங்கவடி தொங்கும் வாரை ஒரு துளை, மிஞ்சினால் இரண்டு துளை இறக்குங்கள். வார் குட்டையாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், கணுக்காலும் கூடவே மடங்கும். அதற்காக ரொம்ப நீளமாக்கிவிட்டால் விரல்நுனியால் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், கெண்டைச் சதை ஓயாமல் வேலை செய்யும். அதுவும் வலிக்கும்.

பாதத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, விரல்களின் அடிமேட்டுக்கும் நடுப்பாதத்துக்கும் இடையில் அங்கவடி வருமாறு வைத்தால் நாணுக்கு உடனடி நிம்மதி. நெம்புகோல் குட்டையாகிறது, அதனால். ஆனால் பாதம் மாட்டிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. விழும்போது திறந்துகொள்ளும் பாதுகாப்பு அங்கவடியோ, முன்னால் கூடு வைத்த அங்கவடியோ இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பாதம் ஊன்றும் தட்டு அகலமாக இருப்பதும் நல்லது.

அங்கவடியே இல்லாமல் ஓட்டினால்?

நாணுக்கு அதைவிடச் சுகம் இல்லை. கால் தொங்கட்டும், விரலை மேலே தூக்க வேண்டாம். ஆனால் உட்காரும் நிலை பலப்படாதவர்கள் முதலில் வாக்கில், அதாவது குதிரை நடக்கும்போது மட்டும், யாராவது நீளக்கயிற்றில் குதிரையைப் பிடித்திருக்கும்போது செய்யுங்கள். குதிகால் வலியைத் தீர்க்கப் போய்த் தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும்.

ஏறி இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கிறது. ஏன்?

தரையிலிருந்து ஏறும்போது இடது காலை அங்கவடியில் வைத்து, வலது காலால் இரண்டு மூன்று முறை துள்ளி எழும்புகிறோம். ஒற்றைக் காலில் துள்ளுவது நாணுக்கு மிகப்பெரிய பளு. எனக்கு வலது பக்கம் வந்ததற்கு இதுவும் காரணம் என்றே நினைக்கிறேன். ஏறுமேடையைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் திண்ணை, கல், கவிழ்த்துப்போட்ட உறுதியான பெட்டி, எதுவானாலும் சரி. குதிரையின் முதுகுக்கும் சேணத்துக்கும் அதுதான் நல்லது என்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இறங்குவது இன்னும் மோசம். 15 கை உயரக் குதிரையின் முதுகு சுமார் ஒன்றரை மீட்டர். அங்கிருந்து 'தொப்'பென்று முன்பாதத்தில் வந்து விழுகிறோம். வயிற்றைச் சேணத்தில் சாய்த்து, வழுக்கிக்கொண்டே மெல்ல இறங்கி, முழங்காலை மடக்கித் தரையைத் தொடுங்கள். மேடைக்குப் பக்கத்தில் நிற்கப் பழகிய குதிரை கிடைத்தால் மேடையிலேயே இறங்கிவிடலாம். இந்த இரண்டை மட்டும் மாற்றியதில் என் காலை விறைப்பு பத்து நாளில் கண்கூடாகக் குறைந்தது.

மந்தமான குதிரை. உதைத்து உதைத்தே கால் போகிறது.

பயிற்சிப் பள்ளிக் குதிரைகளின் தர்மம் அது. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலைத் தூக்கி இடித்தால் கெண்டைச் சதை சுருங்கியே கிடக்கும். காலால் ஒருமுறை மெல்லச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் காலுக்குப் பின்னால் சாட்டையால் லேசாகத் தொட்டு நினைவூட்டுங்கள், பயிற்சியாளரின் சம்மதத்தோடு. அல்லது இந்த இரண்டு மாதத்துக்குச் சுறுசுறுப்பான குதிரையாகக் கேளுங்கள்.

லாயத்து வேலைகள்?

இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சவாரி ஒரு மணி நேரம் என்றால், குதிரையை மைதானத்துக்கு அழைத்துப் போவது, தேய்ப்பது, சாணி அள்ளுவது, தண்ணீர் வாளி தூக்குவது எல்லாம் இன்னொரு இரண்டு மணி நேரம். அதிலும் ஆழமான மணலில் நடப்பது குதிகாலை ஒவ்வொரு அடிக்கும் புதைய வைக்கிறது. நீளக்கயிற்றில் குதிரையைச் சுற்றவிட்டு நடுவில் நீங்களும் நடந்துகொண்டிருந்தால் அது சவாரியைவிட அதிக வேலை வாங்கும். வலி கூடியிருக்கும் வாரங்களில் சவாரியைக் குறைப்பதற்கு முன் இதைக் குறைத்துப் பாருங்கள். குளம்பைச் சுத்தம் செய்யும்போது குத்தவைத்து உட்காரவே கூடாது. குதிரை நகர்ந்தால் எழுந்து ஓட முடியாது என்பது தனிக் காரணம்.

என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

ஒரு கதை. ஸ்வீடனில் உமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கு 1990களில் இதே வலி. அறுவை செய்யச் சொன்னார், மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்துபோனால் செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கும் பயிற்சியைப் பளுவோடு செய்தார். நாண் அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. 1998இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. படி விளிம்பில் நின்று, முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று முறை, மடக்கி 15 தடவை வீதம் மூன்று முறை, தினம் இருவேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. நடுப்பகுதி வலிக்குத்தான் இது.

தினமும் 180 என்றால் பாதிப்பேர் இரண்டாம் வாரமே கைவிடுவார்கள். வாரத்துக்கு மூன்று நாள், மெதுவாக, அதிகப் பளுவோடு செய்வதும் அதே பலனைத் தருகிறது என்று 2015இல் டென்மார்க்கில் ஒப்பிட்டுக் காட்டினார்கள். சவாரிக்காரர்களுக்கு எனக்குப் பிடித்தது அதுதான், சவாரி இல்லாத நாட்களில் வைத்துக்கொள்ளலாம்.

நான் செய்த வகையைச் சொல்கிறேன். தட்டையான தரையில், சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்க வேண்டும். ஏற மூன்று விநாடி, இறங்க மூன்று விநாடி. 15 தடவை வீதம் மூன்று முறை. அது எளிதானதும் ஒற்றைக் காலில். அதுவும் எளிதானதும் முதுகுப்பையில் அரிசிப் பை. ஒட்டுமிடத்து வலி உள்ளவர்கள் படி விளிம்புக்கே போகாதீர்கள், குதிகால் தரை மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

அடுத்தது, சவாரிக்காரர்கள் விட்டுவிடக் கூடாதது: உட்கார்ந்தபடி தூக்குவது. சேணத்தில் நம் முழங்கால் மடங்கியே இருக்கிறது. அப்போது மேல் கெண்டைச் சதை தளர்ந்து, அதற்கு அடியில் இருக்கும் தட்டையான சதைதான் பெரும்பங்கு வேலை செய்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, தொடைமேல் துண்டை மடித்துப்போட்டு, அதன்மேல் 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ. குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இழுத்து நீட்டும் பயிற்சி?

நடுப்பகுதி வலிக்கு மிதமாகச் செய்யலாம். ஒட்டுமிடத்து வலிக்குச் சுவரில் பாதத்தை வைத்து இழுக்கும் அந்தப் பழைய பயிற்சி வேண்டாம். 'இழுத்தால் சுகமாக இருக்கிறதே' என்பீர்கள். கொசுக்கடியைச் சொறிவதும் சுகமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. ஒட்டுமிடத்து வலிக்காரர்கள் இந்தியக் கழிப்பறையில் குதிகால் படியக் குத்தவைப்பது, அதே நிலையில் உட்கார்ந்து துணி துவைப்பது, காய் நறுக்குவது எல்லாமே நாணை எலும்போடு நசுக்கும் நிலை. சில மாதம் மேற்கத்தியக் கழிப்பறைக்கு மாறிக்கொள்ளுங்கள். காலை எழுந்ததும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதைவிட, கொஞ்சம் குதி உயர்ந்த செருப்பை வீட்டுக்குள் போட்டுக்கொள்வது உதவும். பாட்டி திட்டினாலும் போடுங்கள்.

பூட்ஸ்?

நீளமான தோல் பூட்ஸ் புதிதில் விறைப்பாக இருந்து கணுக்காலுக்குப் பின்னால் மடிந்து நாணைக் குத்தும். பழகும்வரை கணுக்கால் உயர ஜோத்பூர் பூட்ஸும் அதற்கு மேல் கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டும் ஹாஃப் சாப்ஸும் போதும். சாப்ஸின் கீழ்விளிம்பு வலிக்கும் இடத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் அதை உயர்த்தும் பட்டை வைப்பது மலிவான, நல்ல யோசனை. ஆஸ்திரேலியாவில் நடுப்பகுதி வலி உள்ள 100 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், 12 மில்லிமீட்டர் பட்டை வைத்தவர்கள் குதிகால் இறக்கும் பயிற்சி செய்தவர்களைவிட 12 வாரத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். வலி ஒரு காலில் இருந்தாலும் இரண்டிலும் வையுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு கோணும். பட்டை வைத்தபின் பூட்ஸ் இறுக்கமானால் அங்கவடியில் கால் நழுவி வருகிறதா என்று நின்றபடியே சோதித்துவிட்டு ஏறுங்கள்.

எண்ணெய் போட்டு உருவிவிடலாமா? ஊசி?

கெண்டைச் சதையை உருவலாம், சுகமாக இருக்கும். வலிக்கும் இடத்திலேயே கட்டைவிரலால் அழுத்தி நீவுவது வேண்டாம். ஐஸ் வலியை மரக்கச் செய்யும், அவ்வளவே. சவாரிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது எனக்கு உடன்பாடில்லை. மறுநாள் காலை தர வேண்டிய தகவலை அது மறைத்துவிடும்.

நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு, தவிருங்கள். சொந்த ரத்தத்தை எடுத்துப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசிக்கு நிறையப் பணம் கேட்பார்கள். நடுப்பகுதி வலிக்கு அதைப் பெயருக்குக் குத்திய வெற்று ஊசியோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் சோதனை 2021இல் வெளியானது. ஆறு மாதத்தில் வித்தியாசம் இல்லை.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி, அல்லது 'டப்' என்ற சத்தத்தோடு திடீரென வலித்தால், அன்றே. குப்புறப் படுத்துக் கெண்டைச் சதையைப் பிசையச் சொல்லுங்கள். பாதம் அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அசைந்தாலும் போய்க் காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அதுவும் அவசரம்தான். இரண்டு காலிலும் சேர்ந்து வந்து, முதுகும் காலையில் ஒரு மணி நேரம் விறைத்துக் கிடந்தால் மூட்டு வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் கொழுப்பும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது, இரண்டும் நாணைக் கெடுக்கும்.

நம் ஊரில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் மருந்துக்கடையில் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் இந்த நாணைப் பாதிக்கக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். மருத்துவரிடம் நாண் வலி இருப்பதைச் சொல்லி வேறு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்? குதிரையில் தடை தாண்டுதல் எப்போது?

12 வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். முழுக்கச் சரியாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம். நடுவில் நல்ல வாரமும் கெட்ட வாரமும் மாறிமாறி வரும்.

வாக்கும் உட்கார்ந்த ட்ராட்டும் முதலில். எழுந்து உட்காரும் ட்ராட் அடுத்து. கேன்டரில் (மிதமான பாய்ச்சலில்) உட்கார்ந்தே இருங்கள். அங்கவடியில் எழுந்து நின்று ஓட்டும் நிலையும் தாண்டுதலும் கடைசி. அதற்குப் போகும் முன் நான் வைத்துக்கொண்ட சோதனை: வலித்த காலில் மட்டும் நின்று, முழு உயரத்துக்கு, ஏறக்குறைய நல்ல காலில் முடிகிற அளவுக்குக் குதிகாலைத் தூக்கி இறக்க முடிய வேண்டும். என் நல்ல கால் 24. வலது கால் ஆரம்பத்தில் 6 வரை வந்து நின்றுவிடும். 22ஐத் தொட்ட வாரம் அரை மீட்டர் கம்பை ஒரே ஒரு முறை தாண்டிவிட்டு, மேடை பக்கமாக வந்து இறங்கினேன். மறுநாள் காலை நோட்டில் 'விறைப்பு: 2 நிமிடம்' என்று இருக்கிறது.